சாட்சிக் கண்ணாடி

போர்த்தோ விமானம் ரத்து.
அடுத்தது நாளைக் காலை ஆறரைக்கு.
மலிவு டிக்கெட்டுக்கு மன்னிப்பும் மலிவுதான்:
ஒரு குறுஞ்செய்தி, ஒரு சாண்ட்விச்சுக்கான சீட்டு.

அப்படித்தான் போவே நகருக்குள் வந்தேன்,
சக்கரம் உடைந்த பெட்டியோடு.

பேராலயத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை.
மருந்துக்கடை, பல் டாக்டர், பூட்டிய வங்கி
எதன் பின்னாலும் அதுவே நின்றது,
குழுப் புகைப்படத்தில்
தலை வெட்டுப்பட்டுப்போன உயரக்காரனைப் போல.

உள்ளே நுழைந்து நிமிர்ந்தேன்.
கழுத்து முடிந்தது.
கூரை இன்னும் போய்க்கொண்டிருந்தது.

எங்கோ உச்சிச் சன்னலில் கிளம்பிய நீலம்
தூண் தூணாக இறங்கி
ஒரு கோரை நாற்காலியில் விழுந்து கிடந்தது.
பக்கத்து நாற்காலியில்
யாரோ மறந்த ஒற்றைக் கையுறை.

மேற்கே திரும்பி நடந்தால்
சட்டென்று சுவர்.
உடல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர்.
முதலில் தலையைக் கட்டினார்கள்.
பன்னிரண்டு வருஷத்தில் தலையின் கூரை விழுந்தது.
மறுபடி கட்டினார்கள்.
பிறகு உடலுக்கு வைத்த காசில்
வானத்துக்கு ஒரு கோபுரம்.
நான்கே வருஷம்.
திருவிழா அன்று, ஊர்வலம் வாசல் தாண்டிய பிறகு,
அதுவும் விழுந்தது.

என் பெட்டி கல்தரையில் கடகடத்தது.
கட்டடம் அதை நாலு மூலையிலிருந்தும்
எனக்கே திருப்பிச் சொன்னது.

"ஷ்ஷ்" என்றது மேலே ஒரு குரல்.

கடவுள் இல்லை.
ஒதில் வார்லுஸேல்,
சாரத்தில் மண்டியிட்டு, கண்ணில் பூதக்கண்ணாடியோடு.
"சத்தத்தில் இது விழாது.
எனக்கு எண்ணிக்கை தவறும், அவ்வளவுதான்."

விரிசலின் குறுக்கே ஒட்டிய சின்னக் கண்ணாடித் துண்டு.
அதில் மயிரிழைக் கோடுகள்.
சுவர் நகர்ந்தால் கோடு விலகும்,
இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.
இவர்கள் தொழிலில் அதற்குப் பெயர்
சாட்சி.

மாசம் ஒருமுறை வருகிறாள்.
உதவியாளுக்குப் பல்வலி. டார்ச் பிடிக்க ஆளில்லை.
பிடித்தேன்.

"குளிரில் திறக்கும், கோடையில் மூடும்."
மூச்சு விடுகிறதா என்றேன்.
"கல்லுக்கு ஏது மூச்சு? வெப்பத்தில் விரிகிறது.
எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள்."
வெட்கத்தில் டார்ச் கொஞ்சம் ஆடியது.

வெளியே தாங்குசுவர்களுக்கு இடையே இரும்புக் கம்பிகள்.
அசிங்கமாய் இருக்கிறதென்று ஒருகாலத்தில் கழற்றினார்களாம்.
காற்றில் ஆட ஆரம்பித்தது.
அழகை யோசித்தவர்கள்
வாயை மூடிக்கொண்டு திரும்பப் பூட்டினார்கள்.

வெண்ணெய் தடவிய முள்ளங்கியைக் கடித்துக்கொண்டு
இன்னொன்றும் சொன்னாள்.
கோபுரம் விழுந்த பிறகு
தொங்கிக்கொண்டிருந்த மிச்சத்தை இடிக்க
எந்தக் கொத்தனும் ஏறவில்லையாம்.
மரண தண்டனைக் கைதி ஒருவனை ஏற்றினார்களாம்,
இறங்கினால் விடுதலை என்று.
"நிஜமா, தெரியாது. கதை."

இறங்கினானா?

"இறங்கினான் என்கிறார்கள்.
அதோடு கதை நின்றுவிடுகிறது."

எனக்கு நிற்கவில்லை.
கயிறு கட்டியிருப்பானா.
முதல் கல்லைத் தள்ளும்போது
எந்தப் பக்கம் சாய்ந்திருப்பான்.
கீழே காத்திருந்த தூக்குமரம்
அங்கிருந்து எவ்வளவு சின்னதாய்த் தெரிந்திருக்கும்.

கடைசிச் சாட்சி இடுப்பு உயரத்தில்.
"நீயே படி" என்று பூதக்கண்ணாடியைத் தந்தாள்.
முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது.
பிறகு கோடு.
பிறகு கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே
எட்டு நூற்றாண்டு எடை உட்கார்ந்திருக்கும்
அந்தத் துளி இடம்.

"இரண்டு" என்றேன்.
"போன மாசமும் இரண்டு."
பேரேட்டில் எழுதினாள்.
பார்த்தவர் பெயர் என்று ஒரு கட்டம்.
சொன்னேன்.
தப்பாக எழுதினாள்.
திருத்தவில்லை நான்.

போகும்போது பெட்டியை உருட்டவில்லை.
தூக்கிக்கொண்டேன்.
பதினான்கு கிலோ,
விமானம் அனுமதிப்பதைவிட
நான்கு அதிகம்.